பெயர்ச்சீட்டு ஒட்டாத ஃப்ரிட்ஜ்

யோகேந்திராவின் காருக்கு மூன்றாவது சுற்று முடிவதற்குள் காய்ச்சல் வந்துவிடும். வளைவில் ஒரு விக்கல், நேர்ப்பாதையில் ஒரு இருமல், அப்புறம் படுத்துவிடும். இவன் ஓடிப்போய் மேல்கூட்டைக் கழற்றி, எஞ்சின் தலையில் எச்சில் துப்பிப் பார்ப்பான். அளவான சூடு என்றால் துப்பியது மூன்று நான்கு விநாடி கொதித்து அடங்க வேண்டும். இவன் துப்பியதோ பட்டதும் துள்ளிக் குதித்துக் காணாமல் போனது.

கார் என்றால் முழங்கை நீளம். ஆக்லாந்தில் இருக்கும் சித்தப்பா இரண்டு வருஷத்துக்கு முன் கொண்டுவந்து கொடுத்தது. பேட்டரி கார் இல்லை. எலுமிச்சம்பழம் அளவில் நிஜ எஞ்சின், அதற்கு நிஜப் புகை. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த இளஞ்சிவப்பு எரிபொருளைத்தான் குடிக்கும். ரிமோட்டின் விசையை அழுத்தினால் ஆயிரம் கொசுக்களை டப்பாவில் போட்டுக் குலுக்கிய சத்தத்தோடு கிளம்பும். நிற்பதுதான் பிரச்சினை. நிற்கச் சொல்லாமலே நின்றது.

அது இரண்டாயிரத்து ஒன்று ஜனவரி, ஃபிஜியில் உச்சிக் கோடை. தலைநகர் சுவாவை ஒட்டிய நசினுவில் கம்பிமேல் உட்கார்ந்திருந்த மைனாக்கள்கூட வாயைத் திறந்து மூச்சு வாங்கின. அந்தக் கோடையில் ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. முந்தைய மே மாதம் சிலர், இந்திய வம்சாவளிப் பிரதமர் வேண்டாம் என்று, துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்தார்கள். சுவாவில் கடைகள் எரிந்தன. அதற்கப்புறம் தெருவில் இரண்டு பேர் சந்தித்தால் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பது போய், "எத்தன பாயிண்ட் வந்துது" என்று கேட்பது வந்தது. நியூசிலாந்துக்காரன் வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு என்று பாயிண்ட் போட்டு ஆள் எடுத்துக்கொண்டிருந்தான். யோகேந்திராவின் நைனா, அதாவது அப்பா, பாலசுப்பிரமணிக்கு, சுவாவில் இருபது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த புண்ணியத்தில், பாயிண்ட் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாந்தி விமான நிலையத்துக்கு பஸ்.

கார் விமானத்தில் போகலாம், எரிபொருள் போக முடியாது. கையில் அரை கேலன் மிச்சம் இருந்தது. கிளம்புவதற்குள் ஒரே ஒரு தடவை, டாங்க் நிரப்பினது முதல் தீர்கிறவரை கார் நிற்காமல் ஓட வேண்டும் என்று யோகேந்திரா தீர்மானம் செய்தான். பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். வெப்பவியலில் சி பிளஸ். ஆகவே இந்தச் சூட்டை அறிவியல் முறைப்படி அணுகினான்.

முதல் சோதனை, ஈரச் சாக்ஸ். எஞ்சின் தலையில் நைனாவின் ஆபீஸ் சாக்ஸை நனைத்துச் சுற்றினான். இரண்டு சுற்றில் சாக்ஸ் வெந்தது. அந்த வாசனையில் இருபது வருஷ இன்சூரன்ஸும் இருந்தது.

இரண்டாவது, டின் மீன் டப்பாவை வெட்டி எஞ்சின்மேல் கட்டி, அதில் ஐஸ் கட்டிகள். முதல் வளைவிலேயே ஐஸ் பறந்துபோய் ரொனிலின் முழங்காலைப் பதம் பார்த்தது. ரொனில் இரண்டு வீடு தள்ளி இருப்பவன், கூடப் படிப்பவன், இந்த ஆராய்ச்சியின் ஒரே பார்வையாளன். அவனுக்குத் தெரிந்த தமிழ் நான்கு வார்த்தை, அதில் மூன்று பலகாரத்தின் பெயர். அதனால் இருவரும் ஹிந்தியில்தான் அடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, அம்மாவின் ஓடிகொலோன். சொட்டுச் சொட்டாக விழுந்து ஆவியானால் சூட்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும் என்பது தத்துவம். கூட்டிக்கொண்டு போகாமல் தீப்பிடித்துக்கொண்டது. அதோடு டாங்கிலிருந்து கசிந்த மெத்தனாலும் சேர்ந்தது. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ரொனிலின் புருவத்தில் தெரிந்தது.

"யோகேன், பாய், ஒரு விஷயம் சொல்லட்டா?" என்றான் ரொனில், பாதிப் புருவத்தைத் தடவிக்கொண்டே. "ஊசியக் கால் சுத்து தொறந்து விடு. எண்ண கொஞ்சம் கூடப் போவும், எஞ்சின் சூடாவாது."

ஊசி என்றால் எரிபொருள் எவ்வளவு போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் சின்னத் திருகு. அதைத் திறந்தால் எஞ்சின் குளிரும். ஆனால் வேகம் குறையும்.

"ஸ்பீடு போயிடும்."

"ஓடுமில்ல?"

"மெதுவா ஓடறதுக்கு மாட்டு வண்டி போதும். ஒனக்கு சயின்ஸ் புரியாது, ரொனில்."

"எனக்குப் புருவமே இல்ல, சயின்ஸ் எங்கேருந்து புரியும்" என்றான் ரொனில்.

நான்காவது சோதனைக்கான யோசனை சித்தப்பா அனுப்பிய பழைய பத்திரிகை ஒன்றில் இருந்தது. ரிமோட் படகுகளில் எஞ்சின் தலையைச் சுற்றிச் செப்புக் குழாய் சுருளாக ஓடும், அதற்குள் தண்ணீர் போகும். படகுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. காருக்கு ஒரு தக்காளி சாஸ் பாட்டிலைக் கட்டி, புகைக் குழாயின் அழுத்தத்தால் தண்ணீரைத் தள்ளினால் ஆயிற்று. வேண்டியது ஒரு கஜம் மெல்லிய செப்புக் குழாய். வழக்கமாக வாங்கும் ஹார்ட்வேர் கடை மே மாதத்தில் எரிந்துபோயிருந்தது. கடைக்காரர் இப்போது பிரிஸ்பேனில் டாக்ஸி ஓட்டுகிறார் என்று கேள்வி.

வீட்டிலோ எல்லாச் சாமானிலும் பெயர்ச்சீட்டு. கிளம்புகிற வீட்டின் வழக்கம் அது. யார் விலைக்குக் கேட்டார்களோ அவர் பெயரைத் தாளில் எழுதி சாமான்மேல் ஒட்டிவிடுவார்கள், கடைசி நாளில் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். சோபாவில் 'ரொனில் வீடு', தையல் மெஷினில் 'தீப்திகா', சாப்பாட்டு மேஜையில் 'பிஜேந்திரா மாஸ்டர்'. மூன்று மாதமாகப் பிஜேந்திரா மாஸ்டரின் மேஜையில்தான் இவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் சில சமயம் வந்து, குழம்பு சிந்துகிறார்களா என்று பார்த்துவிட்டும் போவார்.

ஃப்ரிட்ஜில் மட்டும் சீட்டு இல்லை. திங்கட்கிழமை அம்மா கம்லா அதைக் காலி செய்து, கழுவி, பிளக்கைப் பிடுங்கி, கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு ரப்பர் செருப்பை இடையில் செருகி வைத்திருந்தாள். பன்னிரண்டு வருஷத்துக் கிழம். யாரும் கேட்கவில்லை, குப்பைக்குத்தான் போகப் போகிறது என்று யோகேந்திரா முடிவு கட்டினான். யாரையாவது கேட்டிருக்கலாம். அம்மா பத்தடி தள்ளி அடுக்களையில் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஃப்ரிட்ஜை நகர்த்தி, பின்பக்கம் கம்ப்ரசரிலிருந்து மேலே போகும் செப்புக் குழாயில் ரம்பத்தை வைத்தான். இரண்டு இழுப்பு. உஸ்ஸென்று ஒரு மூச்சு வெளியே வந்தது, ரொம்ப நேரம் வந்துகொண்டே இருந்தது. சி பிளஸ் வாங்கியவனுக்கும் அது என்ன சத்தம் என்று தெரியும். குழாயை எடுத்துக்கொண்டு, மிச்ச முனைகளைப் பிளையரால் நசுக்கிவிட்டு, ஃப்ரிட்ஜைச் சுவரோடு தள்ளி வைத்தான். வெட்டின விளிம்பு விரல்களில் நாலைந்து கீறல் போட்டது.

குழாய் நசுங்காமல் வளைய அதற்குள் உப்பை அடைத்து, எஞ்சின் தலையைச் சுற்றி ஆறு சுற்றுச் சுற்றினான். பார்க்க அழகாக இருந்தது. சர்ச்சின் நெட்பால் மைதானத்தில், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பாஸ்டர் இவர்களை விட்டுவைத்திருந்த அந்த சிமெண்டுத் தரையில், கயிற்றை இழுத்துக் கிளப்பினான்.

கிளம்பியது. ஒரு சுற்று. எஞ்சின் தொண்டையில் கபம் கட்டினதுபோல் களகளவென்றது. புகைக் குழாயிலிருந்து எரியாத எண்ணெய் வழிந்தது. இரண்டாவது சுற்றின் பாதியில் நின்றுவிட்டது. யோகேந்திரா துப்பினான். எச்சில் அப்படியே உட்கார்ந்திருந்தது, குடிவந்த மாதிரி.

"ரொம்பக் குளுந்துடுச்சு" என்றான் ரொனில், மெய்யான வியப்போடு. "இந்த ஊர்ல, ஜனவரில, ஒரு எஞ்சின ஜலதோஷம் புடிக்க வச்ச மொத ஆளு நீதான்."

அப்புறம் ரொனில் பேசாமல் உட்கார்ந்து சுருளைக் கழற்றிப் போட்டான். சின்னத் திருப்புளியால் ஊசியைக் கால் சுற்றுத் திறந்தான். கார் கிளம்பியது. கொஞ்சம் மெதுவாக, நீலப் புகை வால் மாதிரி நீள, ஒரு டாங்க் முழுவதும், பத்து நிமிஷம், நிற்காமல் ஓடியது. எண்ணெய் தீர்ந்துதான் நின்றது.

"அப்பவே சொன்னேன்" என்றான் ரொனில்.

யோகேந்திராவுக்கு எரிச்சல் வந்தது. வெட்கம் இன்னும் வரவில்லை. அது வீட்டில் காத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவின் ரப்பர் மடிப்புக்குள் தீக்குச்சியில் துணி சுற்றி அழுக்கெடுத்தார். பக்கத்தில் அம்மா சந்தனம் குழைத்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு நைனா இது? தூக்கிப் போடறதுதானே?"

"யாரு சொன்னது தூக்கிப் போடறதுன்னு? இது லீத்தியாவுக்கு."

"சீட்டு ஒட்டலியே."

"விக்கிற சாமானுக்குத்தான்டா சீட்டு. குடுக்கறதுக்கு எதுக்கு? பேரெழுதி ஒட்டுனா, இந்தா வாங்கிக்கன்னு மூஞ்சில ஒட்டுன மாதிரி. வெள்ளிக்கெழம காலைல நல்ல நேரம் பாத்திருக்கேன்."

லீத்தியா பக்கத்து வீடு. காய்வித்தி, அதாவது இந்த மண்ணின் ஃபிஜிக்காரி. பஸ் ஸ்டாப்பில் கொக்கொண்டா விற்பவள். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, பிளாஸ்டிக் கப்பில் தருவாள். ஃப்ரிட்ஜ் கிடையாது. அன்றன்றைக்கு வாங்கும் மீனை இவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில்தான் வைத்துக்கொண்டிருந்தாள். இனி அதற்கும் வழியில்லை.

மே மாதத்தில் ஒரு மத்தியானம், தடியும் கல்லுமாகப் பன்னிரண்டு பதின்மூன்று பேர் இந்தத் தெருவில் இறங்கினார்கள். மூன்று வீட்டுக் கண்ணாடி உடைந்தது. லீத்தியா தன் பாயை எடுத்து வந்து இவர்கள் வீட்டு கேட்டுக்குக் குறுக்கே விரித்து, உட்கார்ந்து தேங்காய் துருவ ஆரம்பித்தாள். வந்தவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செரு, ஒங்கம்மா எங்கூட சர்ச்சுல பாடறவ. நீ கையில வச்சிருக்கறத அவகிட்ட சொல்லட்டுமா? நீ யாரு, ஜோசுவா பேரனா? கால்ல செருப்புகூட இல்லாம வந்துட்டியே" என்று வரிசையாகப் பெயர் சொன்னாள். பெயர் சொல்லப்பட்டவர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள், அப்புறம் போய்விட்டார்கள். அதற்கப்புறம் ஒன்பது நாள் இந்தக் குடும்பம் அவள் வீட்டில் இருந்தது. யோகேந்திரா அவள் மேஜைக்கு அடியில் தூங்கினான்.

அந்த லீத்தியாவுக்குத்தான் ஃப்ரிட்ஜ்.

யோகேந்திரா வாயைத் திறந்தான். அதற்குள் நைனா, "நீ படிச்சவன். பின்னாடி வயரு கியரு எல்லாம் சரியா கீதா பாத்துச் சொல்லு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம் மானம் போயிடும்" என்றார்.

அவன் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போனான். குனிந்தான். ஒரு கஜம் வெற்றிடத்தையும், தான் நசுக்கிய இரண்டு முனைகளையும் பார்த்தான். பார்க்க வேண்டிய நேரத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தான். இப்போது சொன்னால் ஒரு அடி விழும். நைனா ஒரு வேளை சாப்பிட மாட்டார். அவ்வளவுதான். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"சரியா கீது நைனா" என்றான்.

புதன்கிழமை நௌசோரிக்குப் போய் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைத் தேடினான். மெக்கானிக் அடிலெய்டு போய்விட்டார். அவரிடம் தொழில் கற்ற மகேந்திரா என்பவர் வியாழக்கிழமை கிடைத்தார். அவரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார், கனடாவுக்கு. "கொழாய மாத்தலாம், கேஸ் அடிக்கலாம். எங்கிட்ட கேஸ் இல்ல, சிலிண்டர வித்துட்டேன்" என்று சூட்கேஸின்மேல் உட்கார்ந்து மூடிக்கொண்டே சொன்னார். "கம்ப்ரசருக்குள்ள ஈரக் காத்து பூந்திருந்தா அதோட கதயும் முடிஞ்சுதுன்னு வச்சுக்க. யாருடா இப்டி வெட்டுனான்? கொழந்தையா?"

"ஆமா" என்றான் யோகேந்திரா. "சின்னப் பையன்."

வெள்ளிக்கிழமை காலை ஃப்ரிட்ஜின் நெற்றியில் சந்தனம், குங்குமம், கைப்பிடியில் செம்பருத்தி. சர்ச்சு ஆட்கள் நாலு பேர் தூக்கினார்கள். நைனா வெள்ளைச் சட்டையில் முன்னால் நடந்தார், பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறவர்போல. லீத்தியா வீட்டில் சுவரோரம் நிறுத்தி, பிளக்கைச் செருகியதும் கம்ப்ரசர் உம்மென்று பாடியது. கதவைத் திறந்தார்கள், உள்ளே விளக்கு எரிந்தது. எல்லோரும் ஆவென்றார்கள். குளிர்வதைத் தவிர ஒரு ஃப்ரிட்ஜ் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அது செய்தது.

நைனா எழுதி வைத்திருந்த இரண்டு வரியைப் படிக்க முயன்று, முதல் வார்த்தையோடு நிறுத்தி, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நாலஞ்சு மணி நேரம் ஆவும் லீத்தியா. அப்பறம் பாரு, மேல்தட்டுல ஐஸ் கட்டும்" என்று மட்டும் ஹிந்தியில் சொன்னார்.

லீத்தியா தரையில் உட்கார்ந்து, உள்ளங்கைகளைக் குவித்து மூன்று முறை கொட்டினாள். ஒரு மரியாதையைப் பெற்றுக்கொள்ளும்போது அவர்கள் செய்வது அது. அந்தச் சத்தம் வெற்றுக் குடத்தில் தட்டுவதுபோல் இருந்தது, அல்லது யோகேந்திராவுக்கு அப்படிக் கேட்டது. பிறகு உள்ளே போய் ஒரு பாய் கொண்டுவந்தாள். தாழை ஓலையில் பின்னி, ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கம்பளி நூல் தொங்கவிட்ட புதுப் பாய்.

"ஜூன்லேருந்து பின்னுறேன்" என்றாள். "அங்க தர குளிரும்னாங்க."

அம்மா அதை வாங்கிக்கொண்டு அழுதாள். யோகேந்திரா சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்தான். ஜனவரிக்கு முப்பத்தொரு நாள் என்று உறுதி செய்துகொண்டான்.

மூன்று மணி சுமாருக்கு வேலி வழியாகப் பார்த்தபோது லீத்தியா சாக்கு மூட்டையோடு வந்துகொண்டிருந்தாள். மூட்டையிலிருந்து வால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அங்கே வாலு என்று சொல்லும் வஞ்சிர மீன், இருபது கிலோவுக்குக் குறையாது. நாளைக்கு சர்ச்சுக் கூரை போடப் பணம் சேர்க்கச் சாப்பாடு விற்கிறார்கள், நூறு பேருக்கு கொக்கொண்டா இவள் பொறுப்பு. வழக்கமாக நாலு கிலோ வாங்குகிறவள், ஃப்ரிட்ஜ் வந்த தைரியத்தில் இருபது கிலோ வாங்கிவிட்டாள். ராத்திரி முழுக்க அந்த வெதுவெதுப்பான அலமாரியில் அந்த மீன் இருந்தால் நாளைக்கு நூறு பேர் என்ன ஆவார்கள் என்று கணக்குப் போட சி பிளஸ்கூடத் தேவையில்லை.

ஆறு மணி பஸ்ஸில் ஏறிவிட்டால் அதையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை என்றும் ஒரு எண்ணம் வந்தது. வந்ததே, அதைத்தான் பிற்பாடு அவனால் மறக்க முடியவில்லை.

செப்புச் சுருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். லீத்தியா பின்கட்டில் உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அரே பேட்டா! பெட்டி கட்டியாச்சா?"

"ஆச்சு ஆன்ட்டி. ஆன்ட்டி, அந்த ஃப்ரிட்ஜு... கொஞ்சம் பழசு."

"நானும்தான்."

"இன்னிக்கே மீன் வைக்க வேணாம்னு."

"ஏன், நாள் நல்லா இல்லியா? ஒங்கப்பா பஞ்சாங்கம் பாத்துல்ல குடுத்தாரு." சிரித்துவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

யோகேந்திரா சுருளை எடுத்து அவள் முன்னால் வைத்தான். மீன் செதிலுக்கு நடுவில் அது பளபளத்தது. லீத்தியா கத்தியைக் கீழே வைத்து, அதை எடுத்து மோந்து பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். ஃப்ரிட்ஜின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்து, பின்பக்கம் குனிந்து பார்ப்பது வாசலிலிருந்து தெரிந்தது. குங்குமம் கொஞ்சம் உதிர்ந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, பாதியில் விட்ட மீனை எடுத்துச் சுரண்டி முடித்தாள்.

"எப்ப?"

"செவ்வாக்கெழம. யாருக்கும் இல்லன்னு நெனச்சேன். சீட்டு ஒட்டல."

"செவ்வா." விரல் விட்டு எண்ணினாள். "புதன், வியாழன், வெள்ளி. வெட்டுனது ஒரு நாள். மிச்ச மூணு நாள் என்ன பண்ணிட்டிருந்தே?"

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த மீனை எடுத்தாள்.

"எதுக்கு வெட்டுன?"

சொன்னான். கார், காய்ச்சல், சாக்ஸ், ஐஸ், படகு எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயம் என்பது அவனுக்கே கேட்டது.

"ஓடிச்சா?"

"இல்ல ஆன்ட்டி. ரொம்பக் குளுந்துபோச்சு."

லீத்தியாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தான். பார்த்தான், சிரிப்புதான், ஆனால் அவன் சேர்ந்து சிரிக்கக்கூடிய சிரிப்பு இல்லை. முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"மேஜைக்கடில எலுமிச்ச மூட்ட இருக்கு. கொண்டா. சாறுல போட்டுட்டா மீனு கொஞ்சம் தாங்கும். பாஸ்டர்கிட்ட பெரிய ஐஸ் பெட்டி இருக்கு, ரொனில அனுப்பி ஐஸ் போட்டு வாங்கிட்டு வரச் சொல்லு. போ."

ரொனிலை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்து பிழிந்தான். இருநூறு எலுமிச்சை இருக்கும். குழாய் போட்ட கீறல்களில் சாறு இறங்கியது. பத்தாவது பழத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சாற்றினால்தான் என்று வைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"ஒங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள் லீத்தியா, மீனைத் துண்டு போட்டபடியே. "அந்தாளு இந்த ஊர்லேருந்து எடுத்துட்டுப் போறது ரெண்டு சூட்கேசும் இந்த ஒரு சந்தோஷமும்தான். நீ சொல்றதுன்னா நீ சொல்லிக்க."

சொல்லி வாய் மூடவில்லை, வேலிக்கு மேல் நைனாவின் தலை தெரிந்தது.

"டேய் யோகேன், அம்மா ஊரெல்லாம் தேடறா, இங்க என்னடா பண்றே?"

"நான்தான் கூப்ட்டேன் பாலு" என்றாள் லீத்தியா. "போற புள்ள ஒரு நாளாச்சும் வேல செய்யட்டும்."

"செய்யட்டும், செய்யட்டும். செம வேல வாங்கு." நைனாவுக்கு முகமெல்லாம் பல். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, ஆசையாக, கேட்டார். "ஃப்ரிட்ஜு எப்டி? குளுருதா?"

லீத்தியா யோகேந்திராவைப் பார்த்தாள். அவசரப்படுத்தாமல், பஸ்ஸில் ஒருவர் இறங்குவதற்கு வழிவிட்டு நிற்பதுபோல், பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நைனாவும் பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். உள்ளே கம்ப்ரசர் உம்மென்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும்.

யோகேந்திரா ஒரு எலுமிச்சையை எடுத்தான். ஏற்கெனவே பிழிந்த மூடி அது. அதை இன்னொரு தடவை பிழிந்தான்.

"குளுருது பாலு" என்றாள் லீத்தியா. "நல்லா குளுருது."

"நான் சொல்லல?" என்றார் நைனா.

மறுநாள் காலை பஸ்ஸில் எல்லோரும் ஏறினார்கள். லீத்தியா ஒவ்வொருவரையும் முகர்ந்து முத்தமிட்டாள், யோகேந்திராவையும். அவள் கையில் எலுமிச்சை வாசனை அடித்தது. அவன் கையிலும்.

ஆக்லாந்தில் சித்தப்பா வீட்டுப் பின்னறையில் நாலு மாதம். மே பிறந்தபோது யோகேந்திராவின் வாழ்க்கையில் முதல் தடவையாக மூச்சு கண்ணுக்குத் தெரிந்தது. அவனுக்கு ஒரு கோழிக் கம்பெனியில் வேலை, குளிர் அறையில், இரண்டு டிகிரியில் எட்டு மணி நேரம். கார் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. நைனாவுக்கு எந்த ஆபீஸிலும் இருபது வருஷ இன்சூரன்ஸ் தேவைப்படவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் தரை துடைத்தார். அதைப் பற்றிப் பேச மாட்டார். ஆனால் சித்தப்பாவின் சிநேகிதர்கள் வந்தால், "கெளம்பறப்ப எல்லாம் வித்தோம்ங்க, அந்த ஃப்ரிட்ஜ மட்டும் விக்கல" என்று ஆரம்பிப்பார். சந்தனம், செம்பருத்தி, நாலு ஆள், விளக்கு எரிந்தது எல்லாம் வரும். ஒவ்வொரு தடவையும் கேட்டவர்கள் தலையாட்டுவார்கள், நைனா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை நைனா நசினுவுக்கு போன் போடுவார். ரொனில் வீட்டு போனுக்கு லீத்தியா வந்து காத்திருப்பாள். எல்லோரும் அந்தப் பாயில் சுற்றி உட்காருவார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"ஃப்ரிட்ஜு எப்டி ஓடுது லீத்தியா?"

ரிசீவரிலிருந்து அவள் குரல் அறைக்கே கேட்கும். "நல்லா ஓடுது பாலு. மேல்தட்டுல ஐஸ் கட்டுது. நீ சொன்னியே, அதே மாதிரி."

ரொனில் தனியாகச் சொல்லியிருந்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லீத்தியா அதில் சர்ச்சுப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறாள். கரப்பான் நுழையாது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது. மீன் பழையபடி நாலு கிலோதான், பாஸ்டரின் ஐஸ் பெட்டியில். கோழிக் கம்பெனிச் சம்பளத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கித் தரச்சொல்லி யோகேந்திரா ரொனிலிடம் கேட்டான். ரொனில் போய்ச் சொல்லிவிட்டுப் பதில் கொண்டுவந்தான். "ஃப்ரிட்ஜ் ஒண்ணு இருக்கே, ரெண்டாவது எதுக்குன்னு கேப்பாரு பாலு. அவருக்கு யாரு பதில் சொல்றதுன்னு மொதல்ல முடிவு பண்ணச் சொல்லு."

அதற்கடுத்த போன் வந்த ஞாயிற்றுக்கிழமை நைனா ரிசீவரை அவனிடம் நீட்டினார். "இந்தா, லீத்தியா ஒன்ன கேக்கறா."

"பேட்டா, கார் ஓடுதா?"

நைனா பக்கத்திலேயே இருந்தார், முழங்கால் படும் தூரத்தில். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களால் பாயின் கம்பளி நூலை நீவிக்கொண்டிருந்தார்.

"ஓடுது ஆன்ட்டி" என்றான் யோகேந்திரா. "நல்லா ஓடுது."

"சரி" என்றாள் லீத்தியா. "அம்மாகிட்ட குடு."

அவன் போனைக் கொடுத்துவிட்டு எழுந்தான். அறையில் வேறு இடம் இல்லை. பாயைத் தாண்டி, சுவரோரம், வெறும் சிமெண்டில் போய் உட்கார்ந்தான்.

"குளுரப் போவுது, பாய் மேல வாடா" என்றாள் அம்மா, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு. "அதுக்குத்தானே அவ குடுத்தா."

"இருக்கட்டும்மா" என்றான்.